கட்டில் மாற்றிய நாள்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டை கட்டிலைப் பற்றியது. சண்டை என்றால் இரண்டு பேரும் பேச வேண்டும். இங்கே பேசியது நான் மட்டும்தான். அவருக்குக் கைகாலோடு பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'வேணாம்'.

அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். கூட்டம் நெரியும் வண்டியில் பின்படியில் நின்று அவர் கொடுக்கும் குரல் ஓட்டுநருக்கு மட்டுமல்ல, முன்னால் போகிற லாரிக்காரனுக்கும் கேட்கும். அந்தக் குரல் ஒரே சொல்லுக்குள் போய் முடங்கிக்கொண்டது. காபி வேணுமா என்று கேட்டால் வேணாம் என்பார். கொண்டுபோய்க் கொடுத்தால் குடிப்பார். ஃபேனைப் போடவா என்றாலும் வேணாம், அணைக்கவா என்றாலும் வேணாம். விட்டு வைத்ததுதான் வைத்தாரே கடவுள், 'சரி' என்ற சொல்லை விட்டு வைத்திருந்தால் அவருக்கு என்ன குறைந்தா போயிருக்கும்? எந்த வேணாம் நிஜ வேணாம் என்பதை நான் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவர் படுத்திருந்தது என் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில். தலைமாட்டில் அன்னப்பறவை இருக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பட்டறையிலேயே பழியாகக் கிடந்து செதுக்கி வாங்கினார். வந்தது என்னவோ வாத்துதான். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் மரியாதைக்கு "அன்னம் அருமை" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் என் காதருகில் குனிந்து, "வாத்து நல்லாருக்கு" என்றார். நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறினோம். ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றிப் பலகை பலகையாகச் சுமந்துபோய் அவரேதான் பூட்டுவார். கூலிக்காரர்களைத் தொட விடமாட்டார். தல்லாகுளத்தில் இந்த மாடி வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான்.

உடம்பு நன்றாக இருப்பவர்கள் படுக்க அது நல்ல கட்டில். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு அது எமன். அகலம் அதிகம், ஒரு பக்கம் சுவர், உயரமோ என் முழங்காலுக்குத்தான் வரும். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க நான் கட்டில்மேல் ஏறி மண்டியிட்டு இழுக்க வேண்டும். ஆள் நல்ல கனம். ஒவ்வொரு தடவையும் என் இடுப்பில் ஏதோ ஒன்று அறுந்துபோவது மாதிரி வலிக்கும். ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மனுக்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்த வேலையையும் நான் விட்டுவிட்டேன். வீட்டில் அவரும் நானும் அந்த வாத்தும்தான்.

முதுகுக்குக் கீழே முதலில் சிவப்பாக ஒரு தடம் தெரிந்தது. வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன். பிறகு தோல் வழன்றது. அதற்குப் பிறகு குழி விழுந்தது. கட்டுப் போட வீட்டுக்கு வரும் நர்ஸ் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, இந்தக் கட்டில்ல கெடந்தா இது ஆறாது. ரெண்டு பக்கமும் நின்னு திருப்புற மாதிரி, உசரமா, தலமாட்டத் தூக்குற மாதிரி இரும்புக் கட்டில் இருக்குல்ல, அத வாங்கிருங்க. சாப்பாடும் படுத்த வாக்குல குடுக்காதீங்க, நுரையீரலுக்குள்ள போயிரும். புண்ணு எலும்ப எட்டிருச்சுன்னா அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல."

அப்புறம் யார் கையில் என்று நான் கேட்கவில்லை.

அவரிடம் போய் இரும்புக் கட்டில் வாங்கலாம் என்று சொன்னேன். "வேணாம்" என்றார். அது காபிக்குச் சொல்லும் வேணாம் இல்லை. இடது கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆஸ்பத்திரியில் அவர் கிடந்தது இரும்புக் கட்டிலில். பக்கத்துக் கட்டில்காரர்களை முகத்தை மூடித் தள்ளிக்கொண்டு போனதை அங்கே கண்ணால் பார்த்தவர். அந்தக் கட்டில் வீட்டுக்குள் வந்தால் தான் இனி எழுந்திருக்கப்போவதில்லை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டதாக அவருக்கு அர்த்தம். வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் எனக்கு அது தெரியும்.

கெஞ்சினேன். திட்டினேன். வேடிக்கையும் பேசிப் பார்த்தேன். அவருக்குச் சொந்த ஊர் கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரம். "உங்க ஊர் மலையில அந்தக் காலத்துச் சாமியாருக எல்லாம் வெறும் கல்லுல படுத்துக் கெடந்தாக. உங்களுக்கு மட்டும் இரும்பு ஆகாதாக்கும்" என்றேன். அவர் முகத்தில் பாதி சிரித்தது. பிறகு, வேணாம்.

மரக் கட்டிலையே உயர்த்திப் பார்ப்போம் என்று கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தேன். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவரைப் புரட்டும்போது ஒரு கால் செங்கல்லைவிட்டு நழுவிக் கட்டில் சரிந்தது. அவர் சுவர் இடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டார். நான் அவர்மேலேயே விழுந்தேன். மூச்சு வாங்க அப்படியே கிடந்தோம். கட்டிப்பிடித்துப் படுத்து எவ்வளவோ நாளாயிற்று என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இந்த மாதிரிக் கட்டில்கள் விற்கிற கடைக்குப் போனேன். கீழ்வீட்டு அம்மாவை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். கடையில் வரிசையாக வெள்ளைக் கட்டில்கள். ஆஸ்பத்திரி வார்டேதான்.

"இதே மாதிரி மரத்துல கெடைக்குமாண்ணே?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"மரத்துல எதுக்குக்கா? ஈரம் ஏறும், நாத்தம் நிக்கும், மூட்டப்பூச்சி வைக்கும். இரும்புன்னா தண்ணிய ஊத்திக் கழுவி விட்றலாம். பேஷண்ட் எம்புட்டு உசரம் இருப்பாரு?"

"மரக் கலர் அடிச்சாவது தருவீகளா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பேஷண்டுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லக்கா?" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். அழலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பஞ்சு தீர்ந்துவிட்டது, மருந்துக்கடைக்குப் போக வேண்டும், அரிசி ஊறப் போட்டிருக்கிறேன் என்று மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எழுந்து பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த தடவை நர்ஸ் வந்து கட்டைப் பிரித்தார். அறையில் ஒரு வாடை அடித்தது. நர்ஸ் கையுறையைக் கழற்றும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அன்றைக்கே கடைக்குப் போன் செய்து கட்டிலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். அவர் என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, வெறுப்பதற்கு ஆள் உயிரோடு இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

கட்டில் வரும் காலையில் அவரிடம் சொன்னேன். "வேணாம்" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வேணாம்னா எந்திரிச்சு நடங்க" என்று வாயை விட்டுவிட்டேன். அவர் திரும்பவில்லை.

கடையிலிருந்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். போர்வையோடு சேர்த்துத் தூக்கி அவரைத் தரையில் இறக்கினோம். பாய் விரித்து, மேலே ஜமுக்காளமும் தலையணைகளும் போட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். தேக்குக் கட்டிலைக் கழற்றிக் கீழே கொண்டுபோய்த் தெரு வாசலில் சாத்தி வைத்தார்கள். இரும்புச் சட்டங்கள் மேலே வந்தன. பாதி பூட்டிய பிறகு, "அக்கா, ரெண்டு போல்ட் கொறையுது, இந்தா எடுத்துட்டு வாரோம்" என்று போனார்கள். அந்த 'இந்தா' நீண்டுகொண்டே போனது. அவர் தரையில் படுத்தபடி இரும்புக் கட்டிலின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. அவருடைய அக்கா, கீழக்குயில்குடியிலிருந்து. நான் மதினி என்று கூப்பிடுவேன். தினமும் அந்த நேரத்துக்குத் தம்பியை விசாரிப்பார். நான் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"தம்பி எப்பிடி இருக்கு தாயி?"

"கீழ எறக்கிப் போட்டிருக்கோம் மதினி."

"எப்ப எறக்குனீக?" என்றார்.

"காலையிலதான். என்னால இப்பப் பேச முடியல மதினி, அப்புறம் கூப்பிடுறேன்." காலையிலிருந்து சாப்பிடாததால் என் குரலும் உடைந்துபோயிருந்தது. போனை வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் தேறமாட்டார் என்று தெரிந்துவிட்டால் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் படுக்க வைப்பார்கள். கட்டிலில் உயிர் போகக் கூடாது. 'கீழ எறக்கியாச்சு' என்று சேதி வந்தால் அதற்குமேல் கேட்பதற்கு எதுவும் இல்லை. போட்டது போட்டபடி கிளம்ப வேண்டியதுதான். இது எனக்குத் தெரியாதா? அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நானே எத்தனை வீடுகளுக்கு ஓடியிருக்கிறேன். ஆனால் அன்று என் தலைக்குள் இருந்ததெல்லாம் கட்டிலும் குறைந்துபோன போல்ட்டும்தான். வாயில் வந்ததைச் சொன்னேன். துடைத்து முடித்து, அவருக்குச் சட்டையை மாட்டிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் வராமல் போல்ட் எடுக்கப் போனவர்கள் எங்கே தொலைந்தார்கள் என்று சன்னலில் எட்டிப் பார்த்தேன்.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மதினி முதலில் இறங்கினார். சாத்தி வைத்திருந்த மரக் கட்டிலைப் பார்த்தார். சாவு வீட்டில்தான் கட்டிலைக் கழற்றி வெளியே போடுவார்கள். மதினி அந்த வாத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்து, "எந்தம்பி" என்று ஒப்பாரி எடுத்தார். பின்னாலேயே இவருடைய அண்ணன், சித்தப்பா, இன்னும் சில ஆண்கள், பெண்கள். ஒருவர் கையில் பால் சொம்பு இருந்தது. அழுகை படியேறி வந்தது.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. 'ஒண்ணுமில்ல மதினி, கட்டில்தான் மாத்துறோம்' என்று சொன்னால் தீர்ந்தது. அது தொண்டைவரை வந்தது. அதற்குள் மதினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியை என் தோளில் முட்டி அழ ஆரம்பித்துவிட்டார். என் கணவருக்கு வாதம் வந்த நாளிலிருந்து பார்க்கிற எல்லாரும் என்னிடம் 'தைரியமா இரு' என்றுதான் சொன்னார்கள். அழு என்று ஒருவரும் சொன்னதில்லை. மதினியின் இரண்டு கையும் என் கழுத்தில் விழுந்ததும் எனக்குள் எதுவோ விட்டுப்போயிற்று. நானும் அழுதேன். வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுதேன்.

"என்னால முடியல மதினி. என்னால தூக்க முடியல. இடுப்பு ஒடியுது மதினி. ஒத்தையில கெடந்து சாகுறேனே. ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறாரே. புண்ணு பெருசாயிட்டே போகுதே, நான் என்னத்தச் செய்வேன்."

பெண்டாட்டி புலம்புகிறாள் என்று நினைத்து மற்றப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். நான் சொன்ன ஒவ்வொன்றும் அப்பட்டமான உண்மை என்று அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தரையில் ஒருக்களித்துப் படுத்தபடி, கண் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிப்பக்கம் நின்று அவர் அண்ணன் போனில் பேசுவது கேட்டது. "ஊருக்கே கொண்டாந்துருவோம். ஆகவேண்டியதப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள ஆயிரும்போலத்தான் தெரியுது." எனக்குக் கேட்டது என்றால் அவருக்கும் கேட்டிருக்கும்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்பை வாங்கித் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். போகிற உயிருக்கு உறவுக்காரர்கள் ஒரு வாய் பால் ஊற்றி அனுப்புவது வழக்கம். "அக்கா பால் ஊத்துறேன், குடிச்சுக்கய்யா" என்று கரண்டியை உதட்டருகே கொண்டுபோனார். அக்கா கொடுத்து அவர் எதையும் மறுத்து நான் பார்த்ததில்லை. அன்று உதட்டை இறுக மூடிக்கொண்டார். பால் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. மதினி இரண்டாவது தடவை கரண்டியை நீட்டினார். அவர் இடது கையால் தட்டிவிட்டார். கரண்டி உருண்டு இரும்புக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. எல்லார் அழுகையும் நின்றது. அவர் வாய் கோணிக்கொண்டு எதையோ தேடியது.

"ஏத்து" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. மதினி குனிந்து, "என்னய்யா, வெளக்கு ஏத்தச் சொல்றியா?" என்று கேட்டார். சாகிறவர் தலைமாட்டில் விளக்கு வைப்பது வழக்கமாயிற்றே.

"ஏத்து" என்றார் மறுபடியும். இந்தத் தடவை அது பின்படியில் நின்று கொடுக்கும் குரல். கையை நீட்டி இரும்புக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டார். பார்த்தது அக்காவை இல்லை, என்னை.

"வெளக்கு இல்ல மதினி" என்றேன். தேம்பலில் பேச்சு சரியாக வரவில்லை. "கட்டில்ல ஏத்தச் சொல்றாரு. அவருக்கு ஒண்ணும் ஆகல. கட்டில மாத்துறதுக்குத்தான் எறக்குனோம்."

மதினி என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். இரும்புக் கட்டிலைப் பார்த்தார். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். "அடிப் பாவி மகளே, உசுரே போயிருச்சேடி" என்று மறுபடியும் அழத் தொடங்கினார். அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு யார் யாருக்கோ திரும்பப் போன் செய்யப் படியிறங்கினார். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர்கள் போல்ட்டோடு வந்து, கூட்டத்தைக் கண்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். "எப்பக்கா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். போய்க் கட்டிலைப் பூட்டுங்கள் என்று சீறினேன்.

பூட்டி முடித்ததும் அவர் அண்ணனும் சித்தப்பாவும் மற்ற ஆண்களும் போர்வையின் மூலைகளைப் பிடித்தார்கள். அவரைத் தூக்கிக் கொண்டுபோகவென்று வந்தவர்கள். ஆளுக்கொரு மூலையாகத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். அண்ணன் கால்மாட்டில் குனிந்து கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, தலைமாடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. இத்தனை மாதமாக நான் குனிந்தே பார்த்த முகம் என் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

எல்லாருக்கும் காபி போடப் போனேன். கொண்டுவந்த பாலையே ஊற்றிவிடவா என்று கேட்டதும் மதினி சொம்பைப் பிடுங்கிக்கொண்டார். கடைக்கு ஆள் அனுப்பி வேறு பால் வாங்கிவந்தோம். குடித்துவிட்டு, போகும்போது ஒவ்வொருவரும் அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அவர் எழும்பிய தலைமாட்டில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. செத்தவருக்கு அழுவதுபோல நான் அழுததை முழுக்கப் பார்த்திருக்கிறார். என்னால் முடியவில்லை என்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் ஏற்றச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. இருந்துவிடுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். புண் அப்படியேதான் இருந்தது, என் இடுப்பும் அப்படியேதான் இருந்தது. இனி ஒவ்வொரு நாளும் அவரை இருக்க வைக்க வேண்டியது நான்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், சுற்றிப்போய் அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் இடம் இருந்தது. "திருப்பட்டுமா?" என்று கேட்டேன். அவர் வேணாம் என்று சொல்லாமல் நல்ல கையை என் தோளில் போட்டுக்கொண்டார்.